‘மேற்படி’ என்று எழுதிய பதிவேடு: ஒரு குருசேகர நிகழ்வு ஆய்வு

அந்த அம்மா இரண்டு திருமண அழைப்பிதழ் மாதிரிகளை என் மேசைமேல் வைத்தார். ஒரே அச்சகம், ஒரே தேதி, ஒரே மஞ்சள் அட்டை. ஒன்றில் மேலே சிலுவையும் ஒரு வேத வசனமும் இருந்தன, கீழே எங்கள் ஆலயத்தின் பெயர். மற்றொன்றில் சிலுவையும் இல்லை, வசனமும் இல்லை. ஆலயம் இருந்த இடத்தில் ஒரு மண்டபத்தின் பெயர். “இது சபையாருக்கு ஐயா. இது ஊருக்கும் ஆபீசுக்கும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பீடி இலை வெட்டிக் கறுத்துப்போயிருந்த தம் விரல்நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் அவருடைய மூத்த மகள், மணப்பெண், கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் மாவட்டத்தில், பாலாற்றுக்குத் தெற்கே நான் ஆயராக ஊழியம் செய்யும் குருசேகரத்தில், அதாவது ஒரு ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுப்பில், நடந்தது இது. ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டேன். குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். தாய், மகள், மாப்பிள்ளை மூவருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே வெளியே தருகிறேன். இதே கோரிக்கையோடு வேறு இரண்டு குடும்பங்களும் என்னிடம் வந்திருக்கின்றன. உடன் ஊழியர்களிடம் கேட்டால் அவர்களும் தலையசைக்கிறார்கள். இருந்தும் இதைப் பற்றி நாங்கள் கூடிப் பேசுவதில்லை. பேசியாக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கோரிக்கை இதுதான். ஆலயத்தில் ஆசீர்வாதம் வேண்டும், திருமணப் பதிவேட்டில் கையெழுத்து வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம், மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்பும் வேண்டாம். மாப்பிள்ளை கிறிஸ்தவர். அவருடைய சாதிச் சான்றிதழிலும் ‘கிறிஸ்தவ ஆதிதிராவிடர்’ என்றே இருக்கிறது. பெண் ஞாயிறு பள்ளியில் பதினான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். பாடகர் குழுவில் அவள் குரல் இல்லாத ஞாயிறு எனக்கே ஒரு மாதிரி வெறிச்சென்றிருக்கும். அவளுடைய சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் பட்டியல் சாதிப் பிரிவில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தாள். கிறிஸ்தவள் என்று பதிவானால் அந்தப் பிரிவில் அவளுக்கு இடமில்லை. அந்தக் காலனியில் அரசு வேலைக்கு இத்தனை அருகில் போன முதல் பெண் அவள்.

அந்தச் சான்றிதழ் யாரோ திட்டம் போட்டு வாங்கியதல்ல. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் காலனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதினார். தகப்பனார் கட்டட வேலைக்குப் பெங்களூரு போயிருந்தார். தாய் கைரேகை வைத்தார். அன்றைக்கு அந்த வரியில் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி என்று அந்த ஒரு வரியே தொடர்ந்து வந்தது.

இதை என்னால் குற்றமாகப் பார்க்க முடியாததற்கு என் வீடும் காரணம். நானும் இப்படி ஒரு காலனியிலிருந்து வந்தவன்தான். இறையியல் கல்லூரியில் சேர ஞானஸ்நானச் சான்று கொடுத்தேன், அதையொட்டி என் சாதிச் சான்றிதழையும் மாற்றிக்கொண்டேன். என் அண்ணன் மாற்றவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்ற இருவரில் ஒருவன் தாசில்தார் அலுவலகத்தில் இந்து, மற்றவன் கிறிஸ்தவன். அண்ணனுடைய சம்பளத்தில்தான் நான் இறையியல் படித்தேன்.

பீரோவுக்குள் இருப்பது

எங்கள் ஆயர் வீட்டில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. கதவைத் திறந்தால் நாப்தலின் உருண்டை வாசனை அடிக்கும். ஞானஸ்நானப் பதிவேடுகள் மூன்று தொகுதி. மிகப் பழையதன் முதுகுத்துணி கிழிந்து, பசை காய்ந்து, பக்கங்கள் நூலில் தொங்குகின்றன. அவர்கள் போன அன்று இரவு அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்த்தேன்.

பெண்ணின் கொள்ளுப்பாட்டி முதல் தொகுதியில் இருக்கிறார். வரிசை எண், தேதி, பெயர், பெற்றோர், ஊர், பெற்றோரின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டங்கள். தொழில் கட்டத்தில் பக்கத்தின் முதல் வரியில் ‘கூலி’ என்று எழுதியிருக்கிறது. அடுத்த வரியில் ‘மேற்படி’. அதற்கடுத்த வரியிலும் ‘மேற்படி’. பக்கத்தின் அடிவரை ‘மேற்படி’தான். எழுதிய உபதேசியாருக்குக் கை வலித்திருக்க வேண்டும், பாதிப் பக்கத்துக்கு மேல் அது ‘மே.படி’ என்று சுருங்கிவிடுகிறது. சாதி என்று தனியாக ஒரு கட்டம் இல்லை. ஊர் என்ற கட்டத்தில் ஊரின் பெயருக்குப் பின்னால் ‘சேரி’ என்று எழுதியிருப்பதால் அது தேவைப்படவும் இல்லை. இரண்டாம் தொகுதியில் பாட்டி: கூலி. தாய்: கூலி. மூன்றாம் தொகுதியில் இந்தப் பெண். தகப்பனார் கூலி, தாய் பீடி சுற்றுதல். நூறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் வந்த மாற்றம் அந்த ‘பீடி’ ஒன்றுதான்.

இந்தச் சபைகள் எப்படி வந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சீர்திருத்த சபையின் ஆற்காடு மிஷன் 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் அமைக்கப்பட்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போதும் அதையடுத்தும் வட ஆற்காட்டில் சேரி சேரியாக மக்கள் அந்த மிஷனில் சேர்ந்தார்கள். சாதியை விட்டுவிட வேண்டும் என்பதில் ஸ்கடர்கள் கண்டிப்பானவர்கள். சேரியார் விடுவதற்குச் சாதியில் என்ன சுகம் இருந்தது? சாதிதான் அவர்களை விடவில்லை. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகளும் அதற்குள் வந்தன. பதிவேடு தொடர்ந்தது, ‘மேற்படி’யும் தொடர்ந்தது.

இதற்குள் இன்னொரு பிரிவும் நடந்துவிட்டது. இதை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. மிஷன் போர்டிங்கில் இடம் கிடைத்த பிள்ளைகள் ஊரிசு கல்லூரிக்குப் போனார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது, 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அதில் படித்து வெளியே வந்தவர்கள் இரண்டு தலைமுறையில் வீடு கட்டினார்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அது ஆண்டவரின் கிருபை, மறுக்கவில்லை. போர்டிங்கில் கட்டில் குறைவாகவும் சேரிகள் நிறையவும் இருந்தன. இடம் கிடைக்காத வீடுகள் சேரியிலேயே நின்றன. அவர்களுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் அரசாங்கத்தின் வாசல். அதில் நுழைய அந்தச் சான்றிதழ் வேண்டும்.

மூன்றாம் பத்தி

1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைச் சேர்ந்த எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தினார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகளை மாநில அரசு எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறது, அதற்கு நன்றி. பட்டியல் சாதிக்கான வேலை ஒதுக்கீட்டிலும் தனித்தொகுதியிலும் இடமில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்குத் துணைக்கு வராது. சாதிப் பெயர் சொல்லி அடிக்கிறவன் அடிவாங்குகிறவனின் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து தைத்தவர். அப்படித் தொழில் செய்யும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவர் கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கொடுக்கவில்லை. உச்சநீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் அந்த இழிவுகள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை. எங்கள் கிளைச் சபை ஊரில் டவுன் பஸ் ஊர்த்தெருவிலேயே திரும்பிவிடும். காலனிக்கு அங்கிருந்து இரண்டு பர்லாங் நடக்க வேண்டும். வேதம் வாசிக்கிற வீட்டுக்காரரும் விளக்கேற்றுகிற வீட்டுக்காரரும் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றாகத்தான் நடக்கிறார்கள். இதற்கு எந்தப் படிவத்தில் சான்று வாங்குவது?

நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை நீக்கிவிடச் சொன்னது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. காகிதம் காகிதமாகச் சேர்கிறது. பெண்ணுக்கோ சரிபார்ப்புத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் வீட்டில் பயம் ஏறியதற்கு உடனடிக் காரணம் 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது. மனுதாரரும் ஒரு எழுத்தர் பணிக்குத் தேர்வானவர். அவருக்கு எதிராக எடை கூடியது எதனால் என்று படித்தபோது என் கை சில்லிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவு. பெற்றோரின் திருமணம் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவானது. அதாவது, என்னைப் போன்றவர்கள் மை தொட்டு எழுதும் இரண்டு பதிவேடுகள்.

எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் கிறிஸ்தவரை மணந்ததையும் அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை இருந்ததையும் காட்டி அவருடைய சாதிச் சான்றிதழை அதிகாரிகள் ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கணவரோடு ஆலயத்துக்குப் போவதாலேயே ஒருவர் தம் மதத்தை விட்டுவிட்டார் என்று ஆகாது என்றது. ஆலயத்துக்கு வந்து போவது வேறு, ஞானஸ்நானம் வேறு. சட்டம் இந்தக் கோட்டைத்தான் பார்க்கிறது. எங்கள் பெண் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதைச் சொல்லும் காகிதம் என் பீரோவில் இருந்தது.

நான் செய்த தவறுகள்

முதல் சந்திப்பில் நான் மத்தேயு பத்தாம் அதிகாரத்தை எடுத்தேன். மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்று ஆண்டவர் சொன்ன இடம். வசனம் சத்தியம்தான். அதை நான் எடுத்த விதம் தவறு. இரண்டு பெண்கள் வெட்கத்தோடு ஒரு பாரத்தை இறக்கிவைக்க வந்தார்கள், நான் அதற்கு மேல் ஒரு கல்லை ஏற்றினேன். பெண் ஒன்றும் சொல்லவில்லை. தாய்தான் எழுந்திருக்கும்போது கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் நான் விட்ட கூலியெல்லாம் மறுதலிப்பா ஐயா?” ஆயிரம் பீடிக்குக் கணக்கு வைத்துக் கூலி வாங்குகிற பெண் வாரத்தில் ஒரு முழுநாளை ஆண்டவருக்கென்று விடுவது என்ன தொகை என்று அதற்கு முன் நான் கணக்குப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. பெயரோடு அதைக் குருசேகரக் குழுவில் வைத்தேன். ஆலோசனை கேட்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் முடிவின் பாரத்தை ஒன்பது பேர் தலையில் பங்கு போட நினைத்தேன். ஒரு ஊழியரிடம் தனிமையில் சொன்னது குழுவின் மேசைக்கு வந்தது, ஒரு வாரத்தில் தெருவுக்கும் வந்தது. பின்னால் வந்த மொட்டைக் கடிதத்துக்கு விதை போட்டவன் நான்தான். இதை அவளிடமும் ஒப்புக்கொண்டேன்.

குழுவில் ஒரு மூத்தவர் குரல் உயர்த்தினார். “ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கடவுள், சர்டிபிகேட்டுக்கு ஒரு கடவுளா? ஞாயிறு பள்ளியிலிருந்து நிறுத்துங்கள், திருவிருந்தும் கொடுக்காதீர்கள்.” பலர் ஆமோதித்தார்கள். அவர் கெட்டவர் அல்லர். ஐம்பது வருடமாகச் சந்தா தவறாதவர், சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர். அவருடைய தகப்பனார் மிஷன் பள்ளி ஆசிரியர், பிள்ளைகள் தனியார் நிறுவனங்களில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் சான்றிதழின் தேவை எழுந்ததே இல்லை.

பெண்கள் ஐக்கியச் சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற செவிலியர், கடைசிவரை பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். “என் அம்மாவுக்குப் போர்டிங்கில் இடம் கிடைத்தது. அவருடைய தங்கைக்குக் கிடைக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அந்த வருடம் இடம் முடிந்துவிட்டது. நான் அக்காள் வயிற்றில் பிறந்தேன். தங்கை வயிற்றில் பிறந்தவர்கள் இன்னும் கழனியில் இருக்கிறார்கள். நான் கிறிஸ்தவள் என்று தலைநிமிர்ந்து எழுதினேன், எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இந்தப் பெண் அப்படி எழுதினால் அவளுக்கு எல்லாம் நஷ்டம். அந்த நஷ்டத்தில் நம்முடைய பங்கு எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள். அவளுக்கு வேலை போனால் இந்தச் சபை மாதா மாதம் என்ன கொடுக்கும்?”

யாரும் தொகை சொல்லவில்லை. தீர்மானம் எழுதாமலே கூட்டம் முடிந்தது.

நாகமானின் மண்

அந்த வாரம் எனக்கு வேறொரு வேதபகுதி கிடைத்தது. தேடிப்போனேன் என்று சொல்ல முடியாது, அட்டவணைப்படி தியானத்துக்கு வந்தது. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனிக் கர்த்தரைத் தவிர வேறு தெய்வத்துக்குப் பலி செலுத்த மாட்டேன் என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் சொல்கிறான். இரண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவு இஸ்ரவேலின் மண்ணை ஊருக்கு எடுத்துப்போகக் கேட்கிறான். கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு காரியம் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோவிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக. எலிசா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டான்.

குஷ்டரோகிகளுக்குக் கரிகிரியில் மருத்துவமனை இருக்கிற மாவட்டம் இது. நாகமான் கதையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். யோர்தானில் ஏழுமுறை முழுகியதோடு நிறுத்திவிடுவேன். அந்தப் பின்பகுதியை ஒருமுறைகூடப் பிரசங்கித்ததில்லை.

இதை வைத்துப் பொய்க்கு உரிமம் எழுதிவிட முடியாது, எனக்குத் தெரியும். நாகமான் தன் பயத்தை மறைக்கவில்லை, ஊழியக்காரன் முன் வைத்தான். எங்கள் பெண்ணும் அதைத்தான் செய்தாள். எலிசா செய்ததை நான் செய்யவில்லை.

அவள் முடிவு

இரண்டு குடும்பத்தாரையும் ஆயர் வீட்டுக்கு வரச்சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன்.

ஆலயத்தில் திருமணம் நடத்திவிட்டுப் பதிவு செய்யாமல் விட எனக்கு அதிகாரம் இல்லை, 1872 சட்டப்படி அது என் கடமை. மண்டபத்தில் இந்து முறைப்படி தாலி கட்டிவிட்டு வந்தால், மாப்பிள்ளை கிறிஸ்தவர் என்பதால் அந்தத் திருமணம் செல்லாது. இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை, பின்னால் வாரிசுச் சான்று கேட்கும்போது விழித்துக்கொள்கிறார்கள். மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே ஆலயத்தில் மணம் முடிக்கலாம், அந்தப் பதிவு மட்டும் பெண்ணைக் கிறிஸ்தவர் என்று நிரூபிக்காது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் அறிவிப்புப் படிவத்தில் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் கேட்கிறார்கள், மதம் என்று ஒரு கட்டம் இல்லை. கடைசியாக, சான்றிதழை ‘கிறிஸ்தவ ஆதிதிராவிடர்’ என்று மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. அப்போது இந்தத் தேர்வு போகும்.

மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மகனுக்கு ஆலயத்தில் மணி அடித்து, பாடகர் குழு எதிர்கொண்டு பாட, ஊரறியக் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது அவருடைய இருபத்தைந்து வருட ஆசை. மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். “மதக் கட்டம் இல்லாத படிவத்தில் நாங்கள் பொய் எழுத வேண்டியதில்லை அல்லவா ஐயா? அது போதும்.” பெண் இரண்டு அழைப்பிதழ் மாதிரிகளையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழைப்பிதழ் அச்சிடவே இல்லை.

முப்பது நாளுக்குப் பிறகு மூன்று சாட்சிகளோடு பதிவு முடிந்தது. அன்று மாலை பெண் வீட்டில் ஜெபம். வெளியே பந்தல் இல்லை. பீடி முறத்தையும் கத்தரியையும் மூலையில் ஒதுக்கி, பாய் விரித்திருந்தார்கள். நான் அங்கி அணியாமல் போனேன். அங்கி வேண்டுமென்று அவள் கேட்டிருந்தால் அணிந்திருப்பேன், கேட்கவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் நான்கைந்து பேர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து வாசலில் நின்றார்கள். பாட்டு ஆரம்பித்ததும் அவர்கள் தெருவுக்கே கேட்கும்படி பாடினார்கள். யாருக்கும் அவர்களை அடக்க மனம் வரவில்லை.

மொட்டைக் கடிதம்

அதற்குப் பிறகு ஒருநாள் வருவாய் ஆய்வாளர் ஒருவர் ஆயர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகவே நடந்துகொண்டார், டீ குடித்தார். கையெழுத்தில்லாத ஒரு கடிதம் போயிருக்கிறது. கூடவே அவள் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் படம் ஒன்று, யாரோ செல்போனில் எடுத்தது. “உங்கள் ஞானஸ்நான ரிஜிஸ்டரை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் ஐயா. ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.”

பீரோவுக்கும் அவருடைய நாற்காலிக்கும் நடுவே நான்கு அடிதான் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். அப்படி ஒரு பெண் எங்கள் சபையில் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆண்டவரை மறுதலித்த இரவில் பேதுரு குளிர்காய்ந்த நெருப்பும் நினைவுக்கு வந்தது.

அவரிடம் சொன்னது இது: “கையெழுத்துப் போடாத கடிதத்துக்காகச் சபையின் பீரோவை நான் திறக்க மாட்டேன். சட்டப்படி, எழுத்தில், அதிகாரம் உள்ளவர் கேட்டால் மறைக்கவும் மாட்டேன், பொய் சொல்லவும் மாட்டேன்.” அவர் சிறிது நேரம் டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று எழுந்து போனார்.

அன்று மாலையே அவளிடம் போய் முழுவதையும் சொன்னேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பகுதியையும் சேர்த்துத்தான். அதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அதில் என் பெயரை எழுதியது நீங்கள் இல்லை ஐயா. எழுதியவருக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்” என்றாள்.

எழுத்தில் எதுவும் வரவில்லை. அவளுக்கு வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்தது. கணவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்றைய நிலை

அவளைச் சபை நீக்கவில்லை, திருவிருந்தும் மறுக்கவில்லை. ஆனாலும் அவள் ஆலயத்துக்கு வருவதில்லை. இருக்கிற ஊரிலும் எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. யார் கையில் செல்போன் இருக்கிறதோ என்ற பயம். தாய் வீட்டுக்கு வரும்போது எனக்குச் சொல்லி அனுப்புவாள். சமையலறைப் பலகைமேல் வெள்ளைத்துணி விரித்து, திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுத்துவிட்டு வருகிறேன். வியாதியஸ்தருக்குக் கொண்டுபோகிற சிறிய பாத்திரம்தான் அதற்கும். சுகதேகியாக இருக்கிற இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பாத்திரத்தில் ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் என் கை தடுமாறுகிறது. ஞாயிறு பள்ளியில் அவளுடைய வகுப்பை இப்போது பாடகர் குழுவின் இன்னொரு பெண் எடுக்கிறாள். பிள்ளைகள் அக்கா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

குருசேகரக் குழுவில் இரண்டு காரியம் முடிவானது. உறுப்பினர் எவரிடமும் சாதிச் சான்றிதழைப் பற்றிச் சபை கேட்காது. ஆகஸ்ட் 10ஆம் தேதியை ஒட்டி வரும் ஆராதனையில் அந்த மூன்றாம் பத்தியை, வேதபாடம் வாசிக்கும் அதே இடத்திலிருந்து, வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதைக் கறுப்பு நாளாக அனுசரிக்கும் சபைகள் பல உண்டு, எங்கள் சபையில் இதுவரை செய்ததில்லை. முதன்முறை வாசித்தவர் அன்று குரல் உயர்த்திய அதே மூத்தவர். நான் கேட்கவில்லை, அவராகவே வாசிக்கிறேன் என்று சொன்னார். ‘பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார்’ என்ற இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி அந்த வரியின் தொடக்கத்திலிருந்து வாசித்தார்.

போன வாரம் ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு அந்த அம்மா தூணருகே நின்றுகொண்டிருந்தார். மகள் முழுகாமல் இருக்கிறாளாம், பங்குனியில் பேறுகாலம். மகள் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றார். பிறகு, அழைப்பிதழ்களைக் கொண்டுவந்த அன்றைக்குப் போலவே, தம் விரல்களைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்படி ஐயா?”

முதலில் சுகமாகப் பிறக்கட்டும் அம்மா என்றேன். அது பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து மூன்றாம் தொகுதியைத் திறந்தேன். கடைசிப் பதிவுக்குக் கீழே அடுத்த வரிசை எண்ணை யாரோ முன்கூட்டியே பென்சிலால் எழுதிவைத்திருந்தார்கள். பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அதில் ‘மேற்படி’ என்று எழுத முடியாது. அரசு ஊழியர் என்று எழுத வேண்டும்.